பாய்மரப் படகு வாங்குமுன் போட்டுப் பார்க்கும் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே தங்கி, திருகோணமலைக்கோ அந்தமானுக்கோ போய்வர வேண்டும் என்று நினைப்பவர்கள் புதுச்சேரி, கடலூர் பக்கம் அதிகம் பேர் இல்லை. இருக்கிற சிலரும் பழைய படகொன்றைப் பார்த்ததும் எனக்கு அனுப்புவது ஒரே மாதிரியான தாள்தான். மேலே விற்பவர் கொடுத்த அளவுகள், கீழே ஐந்தாறு விகிதங்கள், கடைசியில் "இது கடலுக்கு ஆகுமா?" என்று ஒரு கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

கணக்கு புரிய ஒரு படகை வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் 10.4 மீட்டர், அதாவது 34 அடி. நீர்க்கோட்டு நீளம் 9.1 மீட்டர். அகலம் 3.5 மீட்டர். எடை 5.6 டன், அதில் கீலில், அதாவது படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதியில், இருக்கும் அடிப்பாரம் 1.8 டன். பாய்ப் பரப்பு 56 சதுர மீட்டர். இது எந்தக் கம்பெனியின் படகும் இல்லை, நான் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும் மாதிரிப் படகு. ஆனால் குடும்பமாகப் போய்வர என்று ஐரோப்பாவில் கட்டப்பட்டு இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பல படகுகள் ஏறத்தாழ இந்தச் சாயலில்தான் இருக்கும்.

நீர்க்கோட்டு நீளம் என்றால் என்ன? மொத்த நீளம் போதாதா?

போதாது. படகு மிதக்கும்போது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம்தான் நீர்க்கோட்டு நீளம். அணியமும் (முன்புறம்) பின்புறமும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த நீட்டலுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுப்பீர்கள். ஆனால் வேகக் கணக்கில் அது வராது.

படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்பிக்கொண்டு ஓடுகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலை படகின் நீளத்துக்குச் சமமாகி, படகு தான் எழுப்பிய பள்ளத்தில் தானே உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் தள்ள ஏகப்பட்ட விசை வேண்டும். நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.43 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) கிடைக்கும். அடியில் எடுத்தால் 1.34 ஆல் பெருக்க வேண்டும். நம் மாதிரிப் படகுக்கு 7.3 நாட் வருகிறது.

அது எப்போதாவது தொடும் வேகம். நாள் முழுக்கச் சராசரியாக 5 நாட் கிடைத்தாலே நல்ல ஓட்டம்தான். புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேர் நேர்கோட்டில் சுமார் 750 கடல்மைல். 5 நாட்டில் ஆறேகால் நாள், 6 நாட்டில் ஐந்து நாளும் கொஞ்சமும். தண்ணீரும் அரிசியும் எவ்வளவு ஏற்றுவது என்பதை அந்த ஒரு நாட் வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

எடை-நீள விகிதம் எதைக் காட்டுகிறது?

அந்த நீளத்துக்கு இந்தப் படகு எவ்வளவு கனம் என்பதை. எடையை டன்னில் எடுத்து 27,870 ஆல் பெருக்குங்கள். நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து மூன்று முறை வைத்துப் பெருக்கி (9.1 × 9.1 × 9.1), அதால் வகுங்கள். 27,870 எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர் இல்லை. அமெரிக்கர்கள் இதைப் பழைய பிரிட்டிஷ் டன்னிலும் அடியிலும் போட்டார்கள். நம் மெட்ரிக் அளவைப் போட்டாலும் அவர்களுடைய எண்ணே வருவதற்கான மாற்றக் காரணி அது, வேறு ரகசியம் இல்லை.

100க்குக் கீழே வந்தால் பந்தயப் படகு. 100 முதல் 200 வரை இலேசானது, 200 முதல் 300 வரை நடுத்தரம், 300க்கு மேல் கனமானது. மாதிரிப் படகுக்கு 207.

கனம் என்றால் மெதுவு, மெதுவு என்றால் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2022இல் கிளம்பிய கோல்டன் குளோப் போட்டியில் நம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். அவர் ஓட்டிய ரஸ்ட்லர் 36 வகைப் படகுக்கு இந்த எண் 380ஐத் தாண்டும். அந்தப் போட்டியின் விதியே பழைய வடிவமைப்பு, நீளக் கீல் என்பதுதான், அதனால் கனமான படகுகள் வந்தன என்பதும் உண்மை. ஆனாலும் மாதக்கணக்கில் சாமான் ஏற்றிக்கொண்டு தென்கடலில் ஓடுவதற்கு அந்தக் கனம் குறையாக இருக்கவில்லை. இலேசான படகில் ஒரு டன் ஏற்றினால் அதன் குணமே மாறிவிடும். கனமான படகு அதைக் கண்டுகொள்ளாது.

பாய்-எடை விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

படகின் எடையை 1.025 ஆல் வகுத்தால் அது இடம்பெயர்க்கும் கடல்நீர் எத்தனை கனமீட்டர் என்று வரும். அதன் கனமூலத்தைக் கண்டு, வர்க்கமாக்கி, பாய்ப் பரப்பை அதால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். 16க்குக் கீழே என்றால் காற்று குறைந்தால் இன்ஜினைத் தேடும் படகு. 16 முதல் 20 வரை பயணப் படகுக்குச் சரியான அளவு. 20க்கு மேல் வேகம்தான், ஆனால் காற்று ஏறும்போது பாயைச் சுருக்க முந்திக்கொள்ள வேண்டும். மாதிரிப் படகுக்கு 18 வருகிறது.

ஐரோப்பியக் கணக்கு ஐரோப்பியக் காற்றுக்குப் போட்டது. நம் கரையில் பங்குனி, சித்திரையில் காலையில் கரையிலிருந்து மெல்லிசாக ஒரு காற்று, பிறகு சில மணி நேரம் ஒன்றுமில்லை, பிற்பகலில் கடற்காற்று என்றுதான் பெரும்பாலான நாட்கள் போகும். இன்ஜின் வருவதற்கு முன்னால் நம் கடலோடிகள் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போனார்கள், பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வந்தார்கள். விகிதம் எதுவும் போடாமல் காற்றுக்கு ஏற்ற நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் 17க்குக் கீழே போகாதீர்கள் என்பேன். ஆண்டில் பாதி நாள் டீசல் செலவு மிச்சம்.

தரகர் கொடுத்த தாளில் இதே மாதிரிப் படகுக்கு 22க்கு மேல் போட்டிருக்கிறதே?

முன்பாயைப் பெரிய ஜெனோவாவாகக் கணக்கில் எடுத்திருப்பார். ஜெனோவா பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரை நீளும் பாய். அதைச் சேர்த்து 70 சதுர மீட்டர் என்று போட்டால் விகிதம் 22.6 ஆகிவிடும். படகு மாறவில்லை, தாள்தான் மாறியது. ஒப்பிடும்போது எல்லாப் படகுக்கும் பெரும்பாய் முக்கோணமும், பாய்மரத்துக்கு முன்னாலுள்ள முக்கோணமும் மட்டுமே எடுக்க வேண்டும். எந்தப் பரப்பு என்று சொல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடிப்பார விகிதம் கூடினால் படகு நிமிர்ந்து நிற்குமா?

தஞ்சாவூர்ப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் கனம். பாய்மரப் படகில் அந்தக் கனம் கீலில், நம் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. அடிப்பாரத்தை மொத்த எடையால் வகுத்தால் விகிதம். மாதிரிப் படகில் 32 சதவீதம். பயணப் படகுகளில் 35 முதல் 45 வரை சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஆனால் பொம்மையின் கனம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. 2 மீட்டர் ஆழத்தில் ஈயக் குண்டு தொங்கும் கீலில் 30 சதவீதம் இருப்பதும், 1.4 மீட்டர் ஆழத்தில் இரும்புக் கட்டையாக 38 சதவீதம் இருப்பதும் தாளில் ஒப்பிட்டால் இரண்டாவதுதான் நன்றாகத் தெரியும். கடலில் முதலாவது முந்திவிடலாம். ஈயம் இரும்பைவிட அடர்த்தி, அதே எடையைச் சின்ன இடத்தில், அடிமட்டத்தில் வைக்கலாம். எனவே சதவீதத்தோடு கீலின் ஆழம், உலோகம், வடிவம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கவிழ்வு எண் 2க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த 2 எங்கிருந்து வந்தது?

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கரையோரமுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல் பிடித்துக்கொண்டது. முடித்தவை 86 தான். பந்தயத்தில் இருந்த 15 பேர் இறந்துபோனார்கள். பல படகுகள் தலைகீழாகப் புரண்டன, சில புரண்டபடியே கொஞ்ச நேரம் கிடந்தன. அதற்குப் பிறகு அமெரிக்கப் படகு வல்லுநர்கள் நடத்திய ஆய்விலிருந்து வந்ததுதான் இந்தச் சுருக்கமான சூத்திரம். அகலத்தை மீட்டரில் எடுத்து, இடம்பெயர்க்கும் கடல்நீர்க் கனமீட்டரின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 2க்கு மேல் வந்தால் திறந்த கடலுக்கு யோசிக்க வேண்டிய படகு.

இதன் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. அகலமான, இலேசான படகு நிமிர்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும். கவிழ்ந்துவிட்டால் கவிழ்ந்த நிலையிலும் அதே உறுதியோடு நிற்கும். குறுகலான, கனமான படகு கொஞ்சம் சாய்ந்தே ஓடும், ஆனால் புரண்டாலும் அடுத்த அலையில் எழுந்துவிடும். அந்தப் பந்தயத்தின் கடைசிப் பிரிவில், அதாவது மிகச் சிறிய படகுகளில், முடித்த ஒரே படகு அசென்ட் என்ற கான்டெஸ்ஸா 32. அகலம் 2.9 மீட்டர், எடை 4.3 டன், கவிழ்வு எண் 1.8, அடிப்பாரம் 47 சதவீதம். ஓட்டியவர்களின் திறமையும் அதிர்ஷ்டமும் இல்லாமல் இல்லை. ஆனாலும் பழைய பாணிக் குறுகல் படகுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தது அது.

மாதிரிப் படகுக்கு 1.99 வருகிறது. தேறிவிட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

5.6 டன் என்பது தொழிற்சாலை போட்ட எடை, காலிப் படகு. நீங்கள் அந்தமான் போகிறீர்கள். தண்ணீர் 300 லிட்டர், டீசல் 150 லிட்டர், சங்கிலியோடு இரண்டு நங்கூரம், நாலு பேர், அவர்கள் துணிமணி, பேட்டரி, கருவிப் பெட்டி, ரப்பர்ப் படகு, அதன் மோட்டார், சமையல் சாமான், கேஸ். 1.2 டன் சர்வசாதாரணமாக ஏறிவிடும். இப்போது எடை 6.8 டன்.

கணக்கை மறுபடி போடுங்கள். எடை-நீளம் 207இலிருந்து 251 ஆகிவிட்டது. பாய்-எடை 18இலிருந்து 15.9க்கு இறங்கிவிட்டது. நீங்கள் வாங்கியது துடிப்பான படகு, ஓட்டப்போவது சோம்பல் படகு. அடிப்பாரம் 32 சதவீதத்திலிருந்து 26க்கு வந்துவிட்டது.

கவிழ்வு எண்ணைப் பாருங்கள். 1.99இலிருந்து 1.86 ஆகி, படகு முன்னைவிடப் பத்திரம் என்கிறது! ஏனென்றால் அந்தச் சூத்திரத்துக்குத் தெரிந்தது அகலமும் மொத்த எடையும் மட்டுந்தான். அந்த 1.2 டன்னைத் தரைப்பலகைக்கு அடியில் வைத்தீர்களா, மேல்தளத்தில் டீசல் கேனாகவும் ரப்பர்ப் படகாகவும் சோலார் பேனலாகவும் கட்டி வைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது. மேலே கட்டினால் பொம்மையின் தலையில் ஈயம் ஊற்றிய கதைதான். தாளில் எண் முன்னேறிக்கொண்டே இருக்கும், படகு கெட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு முறை விற்பனைக்கு வந்த படகொன்றின் பின்புறத்தில் இரும்புக் குழாயில் பந்தல் மாதிரி கட்டி, நாலு சோலார் பேனல், காற்றாடி, ரப்பர்ப் படகு எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். "எல்லா வசதியும் இருக்கிறது, கவிழ்வு எண்ணும் குறைவு" என்றார் விற்றவர். இரண்டும் உண்மைதான். நான் அந்தப் படகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விகிதங்களை இரண்டு தடவை போடுங்கள்: காலி எடையில் ஒரு தடவை, நீங்கள் கிளம்பும் எடையில் ஒரு தடவை. எடை எங்கே இருக்கிறது என்று படகைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது வேலையை எந்தக் கணக்கும் செய்து தராது.

அப்படியானால் கவிழ்வதைப் பற்றி எதை நம்புவது?

வடிவமைப்பாளரின் நிமிர்வு வளைகோட்டைக் கேளுங்கள். படகை ஒவ்வொரு டிகிரியாகச் சாய்த்தால் எவ்வளவு விசையோடு திரும்ப எழும் என்று காட்டும் கோடு அது. ஒரு கோணத்தில் அந்த விசை சுழியமாகி, அதைத் தாண்டினால் படகு தானே தலைகீழாகப் போய்விடும். பயணப் படகுக்கு அந்தக் கோணம் 120 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கான்டெஸ்ஸா 32க்கு அது 150ஐத் தாண்டும். ஐரோப்பியப் படகாக இருந்தால் ஸ்டிக்ஸ் என்ற நிலைப்பு எண்ணும் இருக்கும். திறந்த கடலுக்கான ஏ பிரிவுக்கு 32, கரையிலிருந்து விலகிப் போகும் பி பிரிவுக்கு 23 வேண்டும். இவற்றையும் காலி எடைக்கு அருகில்தான் போட்டிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த வளைகோட்டில் வராத இன்னொன்று இருக்கிறது, அலை. ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் படகுகளின் சிறிய மாதிரி உருவங்களைத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். பக்கவாட்டில் உடைந்து விழும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே சில வடிவங்கள் கவிழ்ந்தன. 60 சதவீதம் இருந்தபோது எதுவும் தப்பவில்லை. நம் 10.4 மீட்டர் படகுக்கு அது 3.1 மீட்டரும் 6.2 மீட்டரும். உருண்டு போகும் அலை அல்ல, உடையும் அலை. வங்கக் கடலின் நடுவில் அப்படி உடைவது புயலில்தான். ஆனால் முகத்துவாரத்து மணல்மேட்டில் அலை உடைவதற்குப் புயல் தேவையில்லை.

இன்னொன்று, பாய்மரம் முறிந்துபோன படகு இன்னும் சுலபமாகப் புரளும். உயரத்தில் இருக்கும் அந்த மரத்தின் எடை, திடீரென்று உருள்வதைத் தாமதப்படுத்துகிறது. எடை மேலே இருப்பது கெடுதல் என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். ஆமாம். காற்றில் சாய்வதற்குக் கெடுதல், அலையின் ஒரே அடிக்கு உதவி. படகு விஷயத்தில் இப்படி இரண்டு பக்கமும் பேசும் இடங்கள் நிறைய.

சுக விகிதம் என்று ஒன்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

டெட் புரூவர் என்ற வடிவமைப்பாளர் பாதி விளையாட்டாகப் போட்ட கணக்கு அது. விளையாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். எடையை பவுண்டில், மற்றதை அடியில் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் ஒரு மாதிரி கலந்து வகுக்க வேண்டும். இதை மெட்ரிக்கில் நேராகப் போட முடியாது. கையால் போடாமல் கணக்குப் பொறி உள்ள இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 20 முதல் 30 வரை கரையோரப் பயணப் படகு, 30 முதல் 40 வரை நல்ல கடல் படகு, அதற்கு மேல் கனத்த பழைய படகுகள். மாதிரிப் படகு 23.5. கான்டெஸ்ஸா 27.5.

விளையாட்டாகப் போட்டாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஒரு மார்கழியில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு, வெறும் 14 கடல்மைல், அகலமான இலேசான 30 அடிப் படகில் வந்தேன். வாடையில் எழுந்த குறுகிய அலை. ஒவ்வொரு அலைக்கும் படகு சாய்ந்த வேகத்திலேயே வெடுக்கென்று நிமிர்ந்தது. கவிழும் பயமே இல்லை, அவ்வளவு உறுதி. ஆனால் கையில் டீ டம்ளர் நிற்கவில்லை, வயிற்றில் இட்லியும் நிற்கவில்லை. நிமிர்வு விசை கூடினால் ஆட்டம் வெடுக்கென்று இருக்கும், கனம் கூடினால் ஆட்டம் தணியும். குறைந்த எண்ணின் பொருள் அதுதான். களைத்துப்போனவர் எடுக்கும் முடிவு தப்பாகும் என்பதால் இதைச் சொகுசு விஷயம் என்று ஒதுக்க மாட்டேன்.

நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா உலகைச் சுற்றிய தாரிணி எப்படிப்பட்ட படகு? அதே விகிதம் உள்ள சின்னப் படகு வாங்கலாமா?

கடற்படையின் தாரிணி 56 அடிப் படகு. 2024 அக்டோபர் 2 அன்று ரூபாவும் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே 29 அன்று திரும்பினார்கள், இரண்டே பேர். ஊரே பெருமைப்பட வேண்டிய விஷயம், அதில் சந்தேகமில்லை.

ஆனால் விகிதத்தை மட்டும் நகலெடுக்க முடியாது. ஒரு படகை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பாய்ப் பரப்பு நான்கு மடங்காகும். காற்று சாய்க்கும் விசைத்திருப்பம் எட்டு மடங்கு. நிமிர்த்தும் திருப்பமோ பதினாறு மடங்கு. விகிதம் ஒன்றாக இருந்தாலும் பெரிய படகு இயல்பிலேயே உறுதி. அதைவிட, அலை உங்கள் படகுக்கேற்பச் சுருங்கி வராது. தாரிணிக்கு 3 மீட்டர் அலை நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான், உங்கள் 30 அடிப் படகுக்கு மூன்றில் ஒரு பங்கு. விகிதங்களை ஏறத்தாழ ஒரே நீளமுள்ள படகுகளுக்கிடையில் மட்டுமே ஒப்பிடுங்கள்.

கேட்டமரனுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

எடை-நீளமும் பாய்-எடையும் ஓரளவு பொருந்தும். அடிப்பார விகிதமும் கவிழ்வு எண்ணும் பொருந்தாது, அதில் அடிப்பாரமே கிடையாது. நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் படகுக்குப் பெயராகித் திரும்பி வந்திருக்கிறது இந்தச் சொல். கட்டுமரம் கவிழ்ந்தால் கடலோடி தண்ணீரில் குதித்து, புரட்டிப் போட்டு, மறுபடி ஏறிக்கொள்வார், உள்ளே தண்ணீர் நிறைய இடமே இல்லை. 12 மீட்டர் கேட்டமரனை அப்படிப் புரட்ட ஆள் கிடையாது. அங்கே கேட்க வேண்டியது எத்தனை கிலோ ஏற்றலாம், எத்தனை நாட் காற்றில் பாயைச் சுருக்க வேண்டும் என்ற இரண்டுதான்.

எங்கள் முகத்துவாரங்களுக்கு எவ்வளவு ஆழமான கீல் சரிப்படும்?

எந்த விகிதத்திலும் வராத, ஆனால் இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் வர வேண்டும். கடலூரில் கெடிலமும் உப்பனாறும் சேரும் முகத்துவாரம். இரண்டிலும் மணல் அடைக்கும். தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஏற்றம் வரட்டும் என்று காத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

போன மாதம் 2 மீட்டர் கீல் நுழைந்த இடத்தில் இந்த மாதம் தட்டலாம். வரைபடத்தில் போட்ட ஆழத்தை நம்பாமல் அன்று காலையில் வெளியே போய் வந்த விசைப்படகுக்காரரைக் கேளுங்கள். நான் 1.5 மீட்டருக்குள் இருக்கும் கீலைத்தான் இங்கே விரும்புவேன். ஆழம் குறைந்த கீலில் அதே சதவீத அடிப்பாரம் குறைவாகத்தான் வேலை செய்யும் என்று மேலே சொன்னேன். ஆகவே ஆழத்தைக் குறைத்தால் அடிப்பாரம் 40 சதவீதத்துக்கு அருகில் இருக்கும் படகைத் தேடுங்கள். கிடைப்பது கஷ்டம், கனமான பழைய படகுகளில்தான் கிடைக்கும்.

புயலைத் தாங்க எந்த விகிதம் எவ்வளவு வேண்டும்?

அப்படி எந்த எண்ணும் கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை படகைக் கடலில் வைக்காமல் இருப்பதுதான் இங்கே கடலுறுதி. அந்த மாதங்களில் படகைக் கரையேற்ற கிரேன் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

விகிதங்கள் எல்லாம் நன்றாக வந்தால் வாங்கிவிடலாமா?

கீல் போல்ட்டில் துரு இருக்கிறதா, சுக்கான் தண்டு ஆடுகிறதா, பாய்மரக் கம்பிகள் எத்தனை ஆண்டு பழையவை, உட்காருமிடத்தில் அலை நிரம்பினால் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடியும், உள்ளே இறங்கும் வாசலை இறுக்கி அடைக்க முடியுமா? இவை ஒன்றும் விகிதத்தில் இல்லை. கவிழ்வு எண் 1.7 வைத்திருக்கும் படகும் சுக்கான் போனால் கட்டைதான்.

படகின் உண்மையான எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

கரையேற்றும்போது கிரேனில் எடை காட்டும் கருவி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நல்ல வழி இல்லை. அது இல்லையென்றால் நீர்க்கோட்டைப் பாருங்கள். நம் மாதிரிப் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழச் சுமார் 190 கிலோ வேண்டும். நீர்மட்டத்தில் படகின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18.5 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. 1.2 டன் ஏற்றினால் 6 சென்டிமீட்டர் இறங்கும்.

விற்பனைக்கு வந்த படகைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வரைபடத்தில் நீர்க்கோடு எங்கே, இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அணியத்திலும் பின்புறத்திலும் அளந்து பாருங்கள். பல சமயம் பழைய சொந்தக்காரர் அடிப்பெயின்டின் கோட்டையே மேலே ஏற்றி அடித்திருப்பார், ஒரு தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை. சுரண்டிப் பார்த்தால் பழைய கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். அத்தனை ஆண்டுகளில் அந்தப் படகில் என்னென்ன ஏறியது என்று அந்தக் கோடுகளை வைத்தே அவரிடம் பேச்சைத் தொடங்கலாம்.